கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக் தொட்டியா?

கூரத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ளார்: "மூத்த மகள் வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறாள். இளையவனுக்கோ இரண்டு வயது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் வீசி எறிவான். உடையாத அக்ரிலிக் தொட்டியே நல்லது என்கிறார் என் கணவர். கண்ணாடியே போதும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?"

சகோதரி, உங்கள் ஊரின் பெயர் நீர்நிலை வரலாற்றில் இடம் பெற்றது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அங்கு வெட்டப்பட்ட ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த கால்வாயையும் குறிப்பிடுகிறது. ஏரிக்கரை அடியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடுவதே அதற்குக் காரணம். மீன் தொட்டிக்கும் இதே விதிதான். நீளத்தைக் காட்டிலும் உயரமே சுவரின் கனத்தை முக்கியமாகத் தீர்மானிக்கிறது. ஓர் அடி உயரமுள்ள சிறு தொட்டிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். உயரம் ஒன்றரை அடியானால் 8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது.

இனி இரண்டையும் ஒப்பிடுவோம். அக்ரிலிக் என்பது 1930களில் விற்பனைக்கு வந்த ஒருவகைப் பிளாஸ்டிக். கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. அடியைத் தாங்கும் ஆற்றலோ பல மடங்கு அதிகம். விரும்பியவாறு வளைக்கலாம், ஒளியும் தெளிவாக ஊடுருவும். உடைந்தாலும் கண்ணாடியைப் போலக் கூரிய சில்லுகளாகச் சிதறுவது அரிது.

ஆனால் அது எளிதில் கீறல் விழும் பொருள். ஆழ்குழாய் நீரின் உப்புப் படலத்தையும் பாசியையும் தேய்க்கும்போது ஒரு மணல் துகள் சிக்கினாலும் கோடு விழுந்துவிடும். நீரின் அழுத்தத்தால் நாளடைவில் சற்றுப் புடைக்கவும் செய்யும்; எனவே அடிப்பாகம் முழுவதும் பலகையின்மீது அமர வேண்டும். விலையும் கூடுதல். கண்ணாடியோ பல்லாண்டு தேய்த்தாலும் தெளிவு குன்றாது. மூலையில் கசிந்தால் பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். அக்ரிலிக்கில் சிலிக்கான் சரியாகப் பற்றாது.

"உடையாதது" என்ற சொல்லையும் முழுமையாக நம்ப வேண்டாம். ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஓட்டலில் பத்து லட்சம் லிட்டர் நீருடன் நின்ற மாபெரும் அக்ரிலிக் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று வெடித்துச் சிதறியது. அதிலிருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன.

உங்கள் வீட்டில் அஞ்ச வேண்டியது குழந்தை எறியும் பொம்மையை மட்டுமன்று, தொட்டியின் பாரத்தையும்தான். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி நீரும் கூழாங்கற்களும் சேர்ந்தால் எழுபது கிலோவை நெருங்கும். அக்ரிலிக்கானாலும் சில கிலோதான் குறையும். ஆடும் மேசைமீது வைத்துக் குழந்தை அதைப் பிடித்து இழுத்தால், எத்தொட்டியாயினும் ஆபத்தே.

ஆகவே என் கருத்து இது. சுவரோரமாக, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் அசையாத சிமெண்டு மேடை உங்களிடம் இருக்குமானால், 6 மில்லிமீட்டர் கண்ணாடித் தொட்டியே வாங்குங்கள். அடியில் தெர்மோகோல் தகடு ஒன்றைப் பரப்புங்கள். மேடையின் மேடுபள்ளம் கண்ணாடியை விரிசல் விடச் செய்யாது. குழந்தை எட்டும் இடத்தில்தான் வைக்க முடியும் என்றால், கீறலைப் பொறுத்துக்கொண்டு அக்ரிலிக் வாங்குங்கள். அதையும் அசையாத மேடையில்தான் வைக்க வேண்டும். அதுவும் இயலாதெனில், இளையவன் சொல் கேட்கும் வயது வரும்வரை மகளைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும், முதலில் நீரை மட்டும் நிரப்பி ஒரு வாரம் கவனியுங்கள். புதுத் தொட்டியில் வினிகர் போன்ற புளித்த வாடை வீசினால், பசை இன்னும் காயவில்லை என்று பொருள். கசிவும் வாடையும் இல்லையென உறுதியான பின்னரே, அந்நீரை மாற்றிவிட்டு மீன்களை விடுங்கள். ஏரி மீனுக்கு ஓடி ஒளிய இடமுண்டு. நாம் அடைத்து வைத்த மீனுக்கு அந்த நான்கு சுவர்களே உலகம். அச்சுவர்களின் உறுதிக்கு நாமே பொறுப்பு என்பதை மகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.