முதல் ஒரு மக்புக் வரட்டும்

"மக்புக் ஒண்டு எடுத்தாப்பிறகு தொடங்குவம்." குறும்படம், அனிமேஷன், பாட்டு, இதழ் வடிவமைப்பு என்று எதைப் பற்றிக் கதைத்தாலும் எங்கட கூட்டங்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். கதை இருக்கு. நடிக்க ஆக்கள் இருக்கினம். கமராவையும் இரவல் வாங்கலாம். லப்டொப் மட்டும் இல்லை, ஆகவே படமும் இல்லை. போன வருடமும் இதே வசனம்தான், அதுக்கு முந்தின வருடமும் இதே வசனம்தான்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். "கருவி முக்கியமில்லை, திறமைதான் முக்கியம்" என்று உபதேசம் செய்கிறவர்களில் கனபேர் நல்ல கருவியை மடியில் வைத்துக்கொண்டுதான் அதைச் சொல்லுகினம். 4 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப்பில் 4கே வீடியோ வெட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த உபதேசத்தின் பெறுமதி தெரியும். 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மக்புக்குகள் வெறும் பகட்டால் பேர் எடுக்கவில்லை. சூடு குறைவு, பற்றரி நாள் முழுக்க நிற்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டில் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் கேள்விகள் வேறு. அந்த மெஷின் எந்த வேலைக்கு? ஆருடைய காசில்? பழுதானால் ஆர் திறக்கிறது?

வேலையைப் பாருங்கள். எங்கட லப்டொப்புகள் அனேகமான நேரம் செய்வது பிரவுசர் திறப்பது, கட்டுரை அடிப்பது, பாமினியில் அடித்த பழைய பைலை யூனிகோட்டுக்கு மாற்றுவது. இதற்கு ஐந்து இலட்ச ரூபாய் மெஷின் தேவையில்லை. வீடியோ வெட்டுவதுதான் பாரமான வேலை. ஏன் இறுகுது? போனிலும் கமராவிலும் பதிவாகும் வீடியோவில் அனேகமான பிரேம்கள் முழுப்படமாக இருப்பதில்லை. பக்கத்துப் பிரேமில் இருந்து என்ன மாறியது என்பது மட்டும்தான் இருக்கும். ஒரு பிரேமைக் காட்ட மெஷின் பக்கத்தில் உள்ளவற்றையும் அவிழ்க்க வேண்டும். இதற்கு 'புரொக்ஸி' என்று ஒரு வழி உண்டு. இரவு படுக்கப் போகும்போது எல்லாக் காட்சிகளுக்கும் சின்னப் பிரதி எடுக்க விட்டால், காலையில் பிரதியை வைத்து வெட்டலாம், கடைசியில் மூலத்தோடு இணைத்து வெளியே எடுக்கலாம். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பிலும், கேடென்லைவ் என்ற திறமூல மென்பொருளிலும் இந்த வசதி இருக்கு. எத்தனை பேர் அதை அழுத்திப் பார்த்திருக்கிறோம்?

2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் 'ஃப்ளோ' என்ற லத்வியப் படத்துக்குக் கிடைத்தது. அது பிளெண்டரில் செய்த படம். "அவங்கட பட்ஜெட் வேற" என்பீர்கள். உண்மை, பல மில்லியன் யூரோ செலவான படம்தான். ஆனால் அந்த மென்பொருளை நீங்களும் இண்டைக்கு இரவே காசில்லாமல் இறக்கலாம். அதைப் படிக்கிற ஆறு மாதத்தை எந்த மக்புக்கும் குறைத்துத் தராது.

இனிக் காசு. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. மெஷின் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை, விலை மட்டும் இரட்டிப்புக்குக் கிட்டப் போனது. 2023 கடைசியில் 14 அங்குல மக்புக் ப்ரோவின் ஆரம்ப விலை 1,599 டொலர். அப்போது டொலர் 320 ரூபாயைத் தாண்டி நின்றது. வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர முன்னமே ஐந்து இலட்சம் போய்விடும். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் ஒரு சித்தப்பா இரண்டு ஷிப்ட் கூட வேலை செய்வார். அந்த விலைக்குக் கிடைத்தது 8 ஜிபி ராம். பிறகு ஒரு ஜிபிகூடக் கூட்ட ஏலாது, ஏனென்றால் நினைவகமும் சிப்பும் ஒரே பொதிக்குள். 2018இல் வந்த திங்க்பாட் ரி480ஐப் பாருங்கள். ராம் போட இரண்டு இடம் இருக்கு, பின்பக்கப் பற்றரியை மூடி திறக்காமலே கழற்றலாம். எங்கட ஊரில் லப்டொப் திருத்துற பெடியனே பார்த்துத் தருவான். திறக்க முடியாத பொருளுக்கு நாங்கள் சொந்தக்காரர் இல்லை, வாடகைக்காரர்தான்.

அப்ப பாரமான வேலைக்கு என்ன செய்யிறது? கலர் பார்ப்பது, முழுப்படத்தையும் வெளியே எடுப்பது, அனிமேஷன் ரெண்டர் செய்வது: இதெல்லாம் ஒரு குறும்படத்துக்குச் சில நாள் வேலை. மிச்ச நாளெல்லாம் அந்த ஐந்து இலட்சம் யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கும். சனசமூக நிலையத்தில் ஒரு பத்திரிகையை ஊரே வாசித்தது. ஆளுக்கொரு பத்திரிகை வரட்டும் என்று ஒருத்தரும் காத்திருக்கவில்லை. பத்துப் பேர் சீட்டுக் கட்டி, திறந்து திருத்தக்கூடிய நல்ல டெஸ்க்டொப் ஒன்றைப் பொதுவில் வைத்தால் என்ன? பதிவுக் கொப்பி ஒன்று போதும். ஆனால் திறப்பு ஆரின் கையில் இருக்கு என்பதை முதலே கதைத்து முடிவெடுக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பெடியள் மட்டும் போகிற அறையாக அது மாறினால், அண்ணாவுக்கு வாங்கின லப்டொப்பை அவர் நித்திரையான பிறகு மட்டும் தொடக் கிடைக்கிற பிள்ளைக்கு அதாலும் பிரயோசனமில்லை.

நான் கோபப்படுவது அந்தப் பிள்ளைக்காகத்தான். எங்கட கூட்டத்தில் நல்ல கதை வைத்திருந்தது அவதான். மக்புக் இல்லாட்டிப் படம் எடுக்க ஏலாது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவவை நம்பவைத்துவிட்டோம்.

அடுத்த கூட்டத்தில் ஆராவது "முதல் ஒரு மக்புக் வரட்டும்" என்றால் ஒரு கேள்வி கேளுங்கோ: இப்ப இருக்கிற மெஷினில் எந்த வேலை நிக்குது? அந்த வேலையின் பேரைச் சொன்னால் சேர்ந்து வழி பார்ப்போம். பேர் சொல்லத் தெரியாவிட்டால், குறை லப்டொப்பில் இல்லை.