தொத்தாத வியாதியும் தொத்துகிற கிருமியும்

சென்ற மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "முழங்கையில் செதில் செதிலாக உதிர்கிறது. டாக்டர் சொரியாசிஸ் என்கிறார். கைக்குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. உங்களுக்கு இதைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

தெரியும் சகோதரி. எனக்கே இருபது வருஷமாக இருக்கிறது.

முதலில் குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். சொரியாசிஸ் தொற்று வியாதியே அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தவறுதலாக நம் தோலையே தூண்டிவிடுவதால் வருவது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படும் மேல்தோல், அந்த இடத்தில் மட்டும் சில நாட்களிலேயே வளர்ந்து, குவிந்து, உதிர்கிறது. அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இது தெரியாது. ஒரு வளைகாப்பில் தட்டிலிருந்து வளையலை எடுத்தேன். "நீங்க உட்காருங்க அக்கா, மத்தவங்க போடட்டும்" என்றாள் பெண்ணின் தாய். குரலில் மரியாதைதான். கண் மட்டும் என் முழங்கையில் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாளே மருந்துக்கடைக்குப் போனேன். "படைக்கு ஏதாவது கொடுங்க தம்பி." ஆறு ஆண்டிபயாடிக் மாத்திரை, ஒரு களிம்பு டியூப். களிம்பில் அரிப்பு அடங்கியது; மாத்திரையால்தான் என்று நினைத்தேன். மீதியை டப்பாவில் போட்டு வைத்து, தோல் வெடிக்கும்போதெல்லாம் இரண்டு விழுங்குவேன். இப்படியே பல வருஷம்.

2019-ல் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தது. வழக்கமான மருந்து கேட்கவில்லை. சீழை எடுத்து கல்ச்சர் பரிசோதனை செய்தால், மூன்று மருந்துகளுக்கு அசையாத கிருமி! ஏழு நாள் ஆஸ்பத்திரியில் ஊசி.

"உடம்புக்கு மருந்து பழகிப் போச்சா டாக்டர்?"

"உடம்புக்கு இல்லம்மா, கிருமிக்கு. தேவையில்லாம மாத்திரை சாப்பிட்டா எளிய கிருமியெல்லாம் செத்துடும். முரட்டுக் கிருமி மட்டும் தங்கிப் பெருகும். கை வழியா மத்தவங்களுக்கும் போகும். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா?"

ஐந்து மாதப் பேரன் இருந்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தொத்தாத வியாதிக்காக என்னைத் தள்ளி உட்கார வைத்தார்கள். தொத்துகிற கிருமியையோ நானே மாத்திரை போட்டு வளர்த்திருக்கிறேன். அதற்கு யாருமே பயப்படவில்லை! புண் ஆறும்வரை கட்டுப் போட்டு மூடி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அவனைத் தொட்டேன். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-லேயே தமது நோபல் உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார்: அரைகுறை அளவில் மருந்து சாப்பிட்டால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

* மாத்திரை அட்டையில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மீதம் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

* சாதாரண ஜலதோஷத்துக்கு ஆண்டிபயாடிக் கேட்காது. டாக்டரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டாம்.

* குழந்தைக்குத் தொண்டை வலி வந்து, சில வாரத்தில் உடம்பெங்கும் சொட்டுச் சொட்டாகச் சிவந்த செதில் வந்தால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சொரியாசிஸில் அப்படியும் ஒரு வகை உண்டு. தொண்டையில் கிருமி இருந்தால் ஆண்டிபயாடிக் தேவைப்படலாம். அதை அவர் முடிவு செய்யட்டும்.

* வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள், காயம் பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும்.

* கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். டாக்டர் தந்ததையும் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

* மூட்டு வலித்தால் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கான சில மருந்துகள் அப்போது ஆகாது.

சொரியாசிஸ் எனக்கு அடியோடு போகவில்லை. குளிரில் கூடும், பிறகு அடங்கும். மருமகளின் வளைகாப்புக்கு அரைக்கை ரவிக்கையோடுதான் நின்றேன். "அத்தை, நீங்கதான் முதல்ல போடணும்" என்று கையை நீட்டினாள். போட்டேன்.