அரைக் கிலோ கனக்கிறதா?

"ஒரு நாள் நடைதானே, தண்ணீர் பாட்டிலும் செல்போனும் போதும்" என்கிறார் நண்பர். வெள்ளியங்கிரி மலை ஏறி இறங்கியவர் இப்படிச் சொல்லமாட்டார். அடிவாரமான பூண்டியில் வியர்த்துக் கொட்டும். உச்சியான ஏழாவது மலையில் காற்று பல்லைக் கிட்டவைக்கும். அந்தக் குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கும். டார்ச்சும் வரைபடமும் அதுவே என்றால், இருட்டில் இரண்டும் சேர்ந்தே போகும்.

இறங்கும்போதுதான் கால் பிசகும், கையில் மூங்கில் கழி இருந்தாலும். உதவிக்குக் கூவினால் தொண்டை கட்டும், விசிலுக்குக் கட்டாது. மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். நெற்றி டார்ச், விசில், கிரேப் பேண்டேஜ், ஓஆர்எஸ் பொட்டலம், மெல்லிய மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்தாலும் நண்பருடைய ஒரு லிட்டர் பாட்டிலின் கனம் வராது.

"தாத்தா காலத்தில் இதெல்லாம் சுமந்தார்களா?" என்று வேறு கேட்கிறார். தாத்தா கம்பளி கொண்டுபோனார், வழி தெரிந்த ஆளோடு போனார். செல்ஃபி ஸ்டிக் கொண்டுபோகவில்லை.