காவலருக்கு நீதி

நாம் உறங்கும் வேளையில் நமக்காக விழித்திருப்பவர் வாயிற்காவலர். தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி, உரிமமின்றி எந்நிறுவனமும் இத்தொழிலை நடத்தலாகாது. காவலர் 18 வயது நிறைந்தவராகவும் 65-ஐ எட்டாதவராகவும் இருத்தல் வேண்டும். அவரது நன்னடத்தையும் ஆராயப்பட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளோ 100 மணி நேர வகுப்புப் பயிற்சியையும் 60 மணி நேரக் களப்பயிற்சியையும் வலியுறுத்தின.

ஆயினும், குறைந்த கூலியையே நாடும் நாம் உரிமத்தைக் கேட்டதுண்டா? பயிற்சியற்ற முதியவர் ஒருவரை இரவெல்லாம் வாயிலில் அமர்த்துவது சிக்கனமன்று, அநீதியே. நம் பள்ளிகளும் ஆலயங்களும் இல்லங்களும் உரிமம் கேட்கட்டும். நேரிய கூலி வழங்கட்டும். விடியலுக்காய்க் காத்திருக்கும் காவலரைத் திருப்பாடல் நினைவுகூர்கின்றது. நம் வாயிலில் நிற்பவரின் பெயரையேனும் நாம் அறிவோமா?