குருமார் இல்லை என்று சொன்னால் போதுமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

“இஸ்லாத்தில் குருமார் ஆட்சி இல்லை, போப்பும் இல்லை, பிஷப்பும் இல்லை” என்று நம் மேடைகளிலும் ஜும்ஆ பயான்களிலும் பெருமிதத்தோடு முழங்குகிறோம். கொள்கையளவில் அது முற்றிலும் உண்மை. ஆனால் பதவியின் பெயரை அகற்றிவிட்டால் அதன் அதிகாரமும் அகன்றுவிடும் என்று நம்பி இருக்கிறோமே, அந்த நம்பிக்கைதான் பிழையானது. அதை விளக்க ரோமாபுரிக்குப் போகவேண்டியதில்லை; நம் மதுரையின் வரலாறே போதும்.

கிறிஸ்தவர்களிடையே சபையை ஆளும் முறைகள் முக்கியமாக மூன்று. முதலாவது, பிஷப்புகளின் ஆட்சி. 1606-இல் நொபிலி பாதிரியார் மதுரைக்கு வந்த காலந்தொட்டு இங்கு வேரூன்றிய கத்தோலிக்கர் இம்முறையினர். 1938-இல் தனி மறைமாவட்டமாகவும் 1953-இல் உயர்மறைமாவட்டமாகவும் ஆன மதுரைக்குப் பேராயரை இன்றும் போப்பே நியமிக்கிறார். இரண்டாவது, பிஷப் இன்றி மூப்பர்களின் மன்றங்கள் ஆளும் பிரஸ்பிட்டேரியன் முறை. மூன்றாவது, மேலதிகாரம் எதுவுமின்றி ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தெரிவு செய்து, தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும் காங்கிரிகேஷனல் முறை.

இந்த மூன்றாவது முறை நம் மஹல்லா அமைப்புக்கு மிக நெருக்கமானது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் பெரும்பாலும் இம்முறையினரே. பிஷப் ஆட்சியை நிராகரித்து வளர்ந்த மரபினர் அவர்கள். எனினும் திருமங்கலத்திலும் திண்டுக்கல்லிலும் பசுமலையிலும் நடந்தது என்ன? உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் கொடுக்கும் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைப் பங்கிடும் கை மிஷனரியின் கையாக இருந்தது. ஏட்டில் ஒவ்வொரு சபையும் சுதந்திரமானது. நடப்பிலோ பணப்பை இருந்த இடத்தில் அதிகாரமும் இருந்தது. பிஷப் என்ற பெயர் மட்டுமே அங்கு இல்லை.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள் தென்னிந்தியச் சபைகளை ஒன்றாக்க அழைப்பு விடுத்தார்கள். பிஷப் வேண்டும், வேண்டாம் என்ற வழக்கே நெடுங்காலம் தடையாக நின்றது. 28 ஆண்டுகள் பேசிய பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயராக அமர்ந்தவர் 37 வயதான லெஸ்லி நியூபிகின்; பிஷப்புகள் இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையின் ஊழியர்! பிஷப் வேண்டாம் என்றவர்கள் எந்த நிபந்தனையில் இணங்கினார்கள்? பதவி இருக்கட்டும், ஆனால் அது எழுதப்பட்ட சட்டத்துக்குள் இருக்கட்டும் என்ற நிபந்தனையில். பேராயர் தெரிவில் திருமண்டலப் பெருமன்றத்துக்குப் பங்கு, பெருமன்றத்தில் சாதாரண விசுவாசிகளுக்கு இடம், ஓய்வு வயது, பேராயர்மீதே முறையிட ஒரு மன்றம் என்று வரம்புகளை வகுத்தார்கள்.

அவ்வரம்புகள் எல்லாத் தீமையையும் தடுத்துவிட்டனவா? இல்லை. தேர்தலும் சொத்தும் பற்றிய வழக்குகள் பெருகி, 2024-இல் அத்திருச்சபையின் தலைமை நிர்வாகத்தை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலை வந்தது. இதைக் கண்டு நகைப்போர், நம் வக்ஃபு வழக்குகளின் கட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அவர்களிடம் மீறப்பட்ட சட்டத்தைச் சுட்டிக்காட்டவேனும் ஒரு சட்டநூல் இருந்தது. நம் மஹல்லாக்கள் பலவற்றில் சுட்டிக்காட்ட என்ன இருக்கிறது?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தந்தைக்குப் பின் மகன் நிர்வாகியாகும் பள்ளிவாசல்கள் இல்லையா? பத்து ஆண்டுகளாகப் பொதுக்குழு கூடாத ஜமாஅத்துகள் இல்லையா? கடை வாடகை எவ்வளவு, நிலக் குத்தகை எவ்வளவு என்று கேட்டவனைக் குழப்பவாதி என்பதில்லையா? நிர்வாகியின் முகம் சுளித்தால் அடுத்த மாதமே பெட்டியைக் கட்டவேண்டிய இமாம், மிம்பரில் நின்று எந்த உண்மையைச் சொல்ல முடியும்? மார்க்கம் கற்ற ஆலிமைப் பணம் படைத்தவர் ஆட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நாம் என்ன பெயர் இடுவோம்?

கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவிய அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் செய்தியை நாம் அறிவோம். வேதக்காரர்கள் தங்கள் குருமாரை இரட்சகர்களாக்கிக் கொண்டார்கள் என்ற வசனத்தைக் கேட்டு, “நாங்கள் அவர்களை வணங்கவில்லையே” என்றார். அவர்கள் ஹலாலை ஹராமாக்கியபோதும் ஹராமை ஹலாலாக்கியபோதும் பின்பற்றியதே அந்த வணக்கம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இந்த வசனத்தைப் பிறரை நோக்கி எய்யும் நாம், அதன் முனை நம் பக்கமும் திரும்பும் என்பதை மறந்துவிட்டோம்.

கலந்தாலோசனையின் பெயரையே தாங்கி நிற்கிறது குர்ஆனின் 42-ஆவது அத்தியாயம். ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்றுச் செயல்பட்டார்கள். மரணப் படுக்கையில் உமர் (ரலி) அவர்கள் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவர் குழுவை அமைத்தபோது, தம் மகன் ஆலோசனைக்கு வரலாம், பதவிக்கு வரக்கூடாது என்று விலக்கினார்கள். பள்ளிவாசல் சாவியைப் பாட்டன் சொத்தாகக் கருதுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

“மாற்று மதத்தாரிடம் நமக்கென்ன பாடம்?” என்று சிலர் கேட்பார்கள். பாரசீகரின் அகழ் முறையை ஸல்மான் (ரலி) அவர்கள் சொன்னபோது, அது யாருடைய வழக்கம் என்று பார்த்து நபியவர்கள் ஒதுக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்வது அவர்களின் கொள்கையை அன்று; அவர்கள் பட்ட அனுபவத்தை. “கேள்வி கேட்டால் ஃபித்னா வரும்” என்பார்கள் வேறு சிலர். கேட்பதால் ஃபித்னா வருவதில்லை, மறைப்பதால் வருகிறது.

ஆகவே நாம் கோருவது நான்கு. ஒவ்வொரு மஹல்லாவுக்கும் எழுதப்பட்ட விதிமுறை வேண்டும். நிர்வாகிகளுக்குக் காலவரம்பும் தேர்தலும் வேண்டும். முத்தவல்லி ஆண்டுக் கணக்கை ஒப்படைக்கவேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு வக்ஃபு சட்டமே சொல்கிறது. அக்கணக்கை வாரியத்துக்கு அனுப்பினால் மட்டும் போதாது, பள்ளிவாசல் பலகையிலும் ஒட்டவேண்டும். இமாமின் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் ஒருவரின் விருப்பில் தொங்காமல், சந்தா செலுத்தும் குடும்பங்களின் பெண்கள் உட்பட அனைவரின் ஆலோசனையோடு முடிவாகவேண்டும்.

குருமார் இல்லாத மார்க்கத்தை அல்லாஹ் நமக்கு அருளினான். அந்த அருட்கொடைக்கு நன்றி செலுத்துவது மேடை முழக்கத்தால் அன்று, அமானிதத்தைப் பேணுவதால். அதற்கான துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.