காசு வாங்கிக்கொண்டு என்ன "கடும் தேர்வு"?

ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் திரும்பும் கம்பெனி பஸ். மார்ச் மாதக் கடைசி. பின் சீட்டில் இரண்டு பேர்.

"அண்ணே, பாப்பாவ லீவுக்கு எதுலயாவது சேத்துட்டீங்களா?"

"ஏதோ ரிசர்ச் புரோகிராமாம்டா தம்பி. பத்தாவது பசங்களுக்கு. செலக்‌ஷன் ரொம்ப டைட்டாம். நம்ம பாப்பா செலக்ட் ஆயிடுச்சு!"

"சூப்பர்ணே! ஃபீஸ் எவ்ளோ?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். :-)

இந்த உரையாடல் கற்பனைதான். ஆனால் கோடை வந்தால் இதே மாதிரிப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. முன்பு லீவு என்றால் இந்தி கிளாஸ், நீச்சல், டைப்ரைட்டிங். இப்போது ஆராய்ச்சி. பிள்ளைகள் ஆராய்ச்சி செய்யட்டும், நல்ல விஷயம். வம்பெல்லாம் "செலக்ட் ஆயிடுச்சு" என்கிற அந்த வார்த்தையில்தான்.

ஒரு சின்ன விதி போதும். உண்மையாகவே சல்லடை போட்டு ஆள் எடுக்கிற இடம், எடுத்த ஆளிடம் பெரும்பாலும் பணம் கேட்காது. அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட் எம்ஐடியில் நடக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு ஆறு வாரம். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எதற்கும் காசு கிடையாது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் சுமார் இரண்டு வாரம். ரயில் செலவு, தங்குவது, சாப்பாடு எல்லாம் இஸ்ரோ கணக்கு. 2024இல் நாடு முழுவதும் சுமார் 350 பேரைத்தான் எடுத்தார்கள். அது முழு ஆராய்ச்சி அல்ல, அறிமுக முகாம்தான். ஆனாலும் தேர்வு என்றால் அது தேர்வு!

"லேபுக்குச் செலவில்லையா? சொல்லித் தருபவருக்குச் சம்பளம் வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டணம் வாங்கட்டும், தப்பில்லை. நீச்சல் மாஸ்டரும்தான் ஃபீஸ் வாங்குகிறார். ஆனால் அவர் யாரிடமும் "உங்கள் மகள் ஆயிரத்தில் ஒருத்தி" என்று கடிதம் கொடுப்பதில்லை. பணம் கட்டுகிற எல்லோருக்கும் இடம் தந்துவிட்டு அதற்குத் "தேர்வு" என்று பெயர் வைப்பதுதான் பித்தலாட்டம். காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் அப்பா கடன் வாங்கிக் கட்டுவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

சரி, சான்றிதழ் எதற்காவது உதவுமா? தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணிலிருந்து 200க்குக் கட்-ஆஃப். கோடைச் சான்றிதழுக்கு அதில் அரை மார்க்கூடக் கிடையாது. வெளிநாட்டுக் கல்லூரிக்கு உதவும் என்பார்கள். அங்கேயும் குட்டு உடைந்துவிட்டது. பணம் கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளை "ஆய்வுக் கட்டுரை ஆசிரியர்" ஆக்கும் வியாபாரம் பற்றி 2023இல் புரோபப்ளிகா விரிவாக எழுதியது.

ஆக, சேர்ப்பதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியது நான்கே நான்கு:

1. செலவு யாருடையது? வசதி இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகை உண்டா, இல்லையா?

2. வழிகாட்டி யார்? பெயர், துறை, வேலை பார்க்கும் இடம் சொல்வார்களா? "உலகத்தரம் வாய்ந்த நிபுணர்கள்" என்பது பதில் ஆகாது.

3. ஆராயும் கேள்வி பிள்ளையுடையதா, ரெடிமேடா?

4. ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும்? ஆராய்ச்சியில் பாதி நாள் எதுவுமே வராது. இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் வெற்றி என்றால் அங்கே நடந்தது ஆராய்ச்சி இல்லை, ஆண்டு விழா.

இவ்வளவும் பெற்றோருக்கு. இனிக் கொஞ்சம் மற்றவர்களுக்கு.

யுவிகாவின் 2024ஆம் ஆண்டுத் தேர்வு முறையில் 8ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் அதற்கே 15 சதவீதம். அதாவது சிப்காட் சுவருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, சென்னை நகரப் பள்ளிப் பிள்ளைக்கு இல்லாத முன்னுரிமை இருக்கிறது! ஆனால் விண்ணப்பிக்க பிப்ரவரி, மார்ச்சில் ஒரு மாதம்தான். அதுவும் ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். காசு வாங்கும் புரோகிராமின் விளம்பரம் போனுக்குத் தானாக வருகிறது. காசு வாங்காததைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. ஒரு ஆசிரியர் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

அடுத்து, கம்பெனிகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை, 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை. வாகனங்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. பெஞ்சு வாங்கித் தந்து போட்டோ எடுப்பது போதாது. வருடத்தில் இரண்டு வாரம், அக்கம்பக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேருக்குச் சோதனைக்கூடத்தின் கதவைத் திறக்கட்டும். மாதச் சம்பளத்துக்கு அப்பாவை உள்ளே விடும் கேட், மகளையும் ஒருமுறை விடட்டுமே!

அதுவரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு காட்டிய வழி எளிமையானது. சொந்த ஊரில் ஒரு பிரச்சினையை எடு, அளந்து பார், தாய்மொழியிலேயே எழுது. ஸ்ரீபெரும்புதூரில் கேள்விக்கா பஞ்சம்? 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரப் புதைபடிவங்கள் கொண்ட பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்திருப்பதே இந்த ஊரின் பெயர்தான். பக்கத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி. அதில் வந்து சேரும் நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் ஒரு கோடை முழுக்க அளந்தால், அதுதான் ஆராய்ச்சி. யாரும் செலக்ட் செய்ய வேண்டாம்.

அடுத்த மார்ச்சில் பஸ்ஸில் அந்தத் தம்பி மறுபடியும் ஃபீஸ் கேட்பான். "ஒரு பைசா இல்லடா" என்று அண்ணன் திரும்பிப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும்.