தாயின் குளிசையும் சேயின் பாலும்

எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற பெண்ணொருத்தி, கைக்குழந்தையுடன் கண்கலங்கி எம் இல்லம் வந்தாள். இதய வைத்தியர் விதித்தபடி நாள்தோறும் 75 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசை உண்பவள். "மருந்து பாலில் இறங்கும், ஒன்றில் குளிசையை விடு, அன்றேல் பாலை நிறுத்து" என்றனராம் வீட்டுப் பெரியோர்.

அவர்தம் அச்சம் காரணமற்றதன்று. குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக் கட்டியாவதைத் தடுப்பதே இம்மருந்தின் தொழில். மேலும், இன்புளுவென்சா, கொப்புளிப்பான் கண்ட பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுப்பதால், அரிதாயினும், மூளையையும் ஈரலையும் தாக்கும் 'ரேயின் நோய்' நேரலாமென 1980ஆம் ஆண்டுகளில் வைத்திய உலகம் எச்சரித்தது.

ஆயினும் அளவென ஒன்று உண்டன்றோ? சிற்றளவு உண்ட தாய்மாரின் பாலைச் சோதித்தபோது அஸ்பிரின் காணப்படவில்லை. அதிலிருந்து உண்டாகும் சலிசிலேற்றும் மிகச் சொற்பமே. ஆகவே வைத்தியர் விதித்த சிற்றளவுடன் பாலூட்டலாம் என்பதே இன்றைய வைத்தியர் கருத்து. தலையிடிக்கெனப் பேரளவில் அஸ்பிரின் உண்பது வேறு. அதற்குப் பரசிற்றமோல் போதும். குளோப்பிடோகிரெல் போன்றவற்றைப் பற்றிய ஆய்வுகள் சிலவே. அவற்றை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

குளிசையைத் தானே நிறுத்துவதோ பேராபத்து. இதயக் குழாயிற் சுருள் பொருத்தியவர்க்கு அது உயிருக்கே உலை வைக்கலாம். குழந்தையின் தோலில் காரணமின்றி நீலம் பாய்ந்தாலோ, குருதி கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே வைத்தியரை நாடுக.

"குளிசைப் பெட்டியையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்" என்றோம். சென்றாள். இன்று குளிசையும் தொடர்கிறது, பாலும் தொடர்கிறது.